லண்டன் ரயில் ஏன் தரைக்கு அடியில் போனது?

லண்டன் வரைபடத்தைத் திறந்து நகரத்தின் வடக்குப் பக்கத்தைப் பாருங்கள். மேற்கே பாடிங்டன், அப்புறம் யூஸ்டன், செயின்ட் பான்கிராஸ், கிங்ஸ் கிராஸ் என்று பெரிய ரயில் நிலையங்கள் ஏறக்குறைய ஒரே சாலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. ஒன்றுகூட அந்தச் சாலையைத் தாண்டித் தெற்கே, நகரத்தின் நடுவுக்குள் வரவில்லை. ஆனால் ரயிலில் வந்தவர்களில் பாதிப்பேருக்கு வேலையே அந்த நடுப்பகுதியில்தான். வங்கி, சந்தை, நீதிமன்றம், சரக்குக் கிடங்கு எல்லாம் அங்கேதான் இருந்தன. பிறகு ஏன் சில கிலோமீட்டர் தள்ளியே எல்லோரையும் இறக்கிவிட்டார்கள்?

விடை 1846-ல் இருக்கிறது. அந்தக் காலகட்டத்தில் இங்கிலாந்தை ரயில் பைத்தியம் பிடித்து ஆட்டியது. கையில் நாலு காசு சேர்த்தவரெல்லாம் ரயில் கம்பெனிப் பங்கு வாங்கினார்கள், ஒவ்வொரு கம்பெனியும் லண்டனின் மையத்தில் தனக்கென்று ஒரு நிலையம் கட்ட ஆசைப்பட்டது. லண்டனுக்கு மட்டும் 19 திட்டங்கள் வந்து குவிந்தன. அத்தனைக்கும் தலையாட்டினால் ஊரில் வீடே மிஞ்சாது என்ற நிலையில் அரசு ஒரு ஆணையம் அமைத்தது. அந்த ஆணையம் தேம்ஸுக்கு வடக்கே இருந்த நடுப்பகுதியைச் சுற்றி ஒரு கோடு கிழித்து, இதற்குள் ரயில் பாதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வடக்கே அந்தக் கோடு ஓடியது நியூ ரோடு என்ற சாலையில். இன்றைய மேரிலபோன் ரோடு, யூஸ்டன் ரோடு, பென்டன்வில் ரோடு மூன்றும் சேர்ந்ததுதான் அது. 1750-களில் ஸ்மித்ஃபீல்டு சந்தைக்கு ஓட்டிப்போகும் மாடுகள் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் நுழைந்து பெரிய மனிதர்களைத் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று ஊருக்கு வெளியே போட்ட புறவழிச்சாலை. நூறு வருடத்தில் ஊர் வளர்ந்து அதை விழுங்கிவிட்டது.

தொழில்நுட்பம் வளர்ந்தது, அதனால் ரயில் நிலத்தடிக்குப் போனது என்று இந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தொழில்நுட்பம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தது என்பதுதான் உண்மை. ரயிலைக் கீழே தள்ளியது நிலத்தின் விலையும், அந்த நிலத்தைச் சுற்றியிருந்த சட்டமும்.

1801-ல் லண்டனில் சுமார் 10 லட்சம் பேர் இருந்தார்கள். 1851 கணக்கெடுப்பில் அது 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனை பேரும் நகருவதற்கு இருந்தது என்ன? வசதி இருந்தால் வாடகைக் குதிரைவண்டி. கொஞ்சம் வசதி இருந்தால் ஆம்னிபஸ் என்ற நீளமான குதிரைவண்டி. ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் 1829-ல் பாடிங்டனிலிருந்து நகர நடுவில் உள்ள பேங்க் என்ற இடம் வரை அதை முதன்முதலாக ஓட்டினார், கட்டணம் ஒரு ஷில்லிங், கூலிக்காரர் ஏறவே முடியாத விலை. மற்றவர்கள் நடந்தார்கள். வேலைக்கு நடந்து போகும் தூரத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பதால் ஏழைகள் நகர மையத்தைச் சுற்றி, ஒரு அறைக்கு ஒரு குடும்பம் என்று நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். தெருவிலோ வண்டி, சரக்கு, 1855 வரை சந்தைக்குப் போகும் ஆடுமாடு எல்லாம் ஒன்றாக நெரிந்தன. தெற்கே கடற்கரையில் இருக்கும் பிரைட்டனிலிருந்து லண்டன் வந்து சேருவதைவிட, லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கி பாடிங்டன் போய்ச் சேர அதிக நேரம் ஆகிறது என்பது அன்றைக்கு எல்லோரும் சொன்ன புலம்பல்.

இதற்கு வந்த தீர்வுகள் ஒவ்வொன்றும் ஒரு ரகம். கிரிஸ்டல் பேலஸ் கண்ணாடி மாளிகையைக் கட்டிய ஜோசஃப் பாக்ஸ்டன், நகரத்தைச் சுற்றி 10 மைலுக்கு ஒரு கண்ணாடிக் கூரை வளையம், அதற்குள் கடைகள், வீடுகள், மாடியில் ரயில் என்று 1855-ல் நாடாளுமன்றக் குழுவிடம் ஒரு திட்டம் கொடுத்தார். செலவு 3.4 கோடி பவுண்டு. குழு ரசித்துக் கேட்டது, அவ்வளவுதான்.

காரியம் ஆனது வேறொரு ஆளால். சார்லஸ் பியர்சன். பொறியாளர் இல்லை, வக்கீல். லண்டனின் பழைய நடுப்பகுதியை நிர்வகிக்கும் சிட்டி ஆஃப் லண்டன் மாநகராட்சியின் சட்ட அதிகாரியாக 1839 முதல் இருந்தவர், 1847-லிருந்து 1850 வரை லாம்பெத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். வம்புக்கு அஞ்சாத மனிதர்: 1666-ல் லண்டனை எரித்தது கத்தோலிக்கர்கள்தான் என்று தீவிபத்து நினைவுத் தூணில் செதுக்கி வைத்திருந்த வாசகத்தை எடுத்தே ஆகவேண்டும் என்று போராடி 1830-ல் எடுக்க வைத்ததிலும் இவருக்குப் பங்கு உண்டு. 1845-லேயே ஃப்ளீட் என்ற பழைய ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக, நகர நடுவின் ஓரத்தில் இருக்கும் ஃபாரிங்டன் வரை நிலத்தடி ரயில் விடலாம் என்று ஒரு பிரசுரம் போட்டார். கேலி செய்தார்கள். அன்று அவர் மனதில் இருந்தது காற்றழுத்தத்தால் தள்ளப்படும் ரயில், ஆகவே கேலியில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

பியர்சனின் ஆசை ரயில் இல்லை, வீடு. இதைக் கவனிக்காமல் விட்டால் அவர் ஏன் இருபது வருடம் அலைந்தார் என்பது புரியாது. ஊருக்கு வடக்கே சில மைல் தள்ளி, தோட்டத்தோடு கூடிய வீடுகளைக் கட்டித் தொழிலாளர்களைக் குடியேற்ற வேண்டும், அவர்கள் காலையில் மலிவான ரயிலில் ஏறி நகரத்துக்கு வேலைக்கு வந்து சாயங்காலம் திரும்ப வேண்டும், நாறும் சந்துகளில் ஒரு அறைக்கு ஒரு குடும்பம் என்ற கொடுமை ஒழிய வேண்டும். ரயில் அதற்கு வெறும் கருவி. புறநகரிலிருந்து தினம் வேலைக்கு வந்துபோவது இன்று நமக்குச் சாதாரணம், கூலித்தொழிலாளிக்கும் அது கட்டுப்படியாகும் என்று 1840-களில் சொன்னவரை விசித்திரமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

சட்ட அனுமதி 1854-ல் கிடைத்தது, கம்பெனிக்கு மெட்ரோபாலிட்டன் ரயில்வே என்று பெயர் வந்தது. பாடிங்டனில் தொடங்கி, நியூ ரோட்டுக்கு அடியிலேயே கிங்ஸ் கிராஸ் வரை வந்து, அங்கிருந்து தெற்கே வளைந்து ஃபாரிங்டனில் முடியும் பாதை, ஏறக்குறைய 6 கிலோமீட்டர். ஏன் சாலைக்கு அடியில்? வீடுகளுக்கு அடியில் தோண்டினால் வீட்டையே வாங்கியாக வேண்டும். லண்டனில் நிலம் வாங்குவது என்றால் சொத்தை எழுதிவைக்க வேண்டியதுதான். சாலைக்கு அடியிலோ அந்தச் செலவு இல்லை. ரயிலைத் தடுக்கக் கிழித்த எல்லைக்கோடும் அதே சாலை, ரயிலுக்கு மலிவான வழி கொடுத்ததும் அதே சாலை. மாட்டுக்குப் போட்ட சாலை ரயிலுக்குக் கூரையானது இப்படித்தான்.

அனுமதி வந்தாலும் பணம் வரவில்லை. கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த சமயம், முதலீடு எங்கேயும் புரளவில்லை. 10 லட்சம் பவுண்டுக்கு எங்கே போவது? பாடிங்டனில் முடிந்துவிட்ட தன் பாதைக்கு ஒரு நீட்சி கிடைக்குமே என்று கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1,75,000 பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் வருடங்கள் ஓடின. கம்பெனியைக் கலைத்துவிடலாம் என்று பேச்சு வந்த கட்டத்தில் பியர்சன் தன் சொந்த எஜமானர்களான மாநகராட்சியைப் பிடித்து உலுக்கி 2,00,000 பவுண்டு போட வைத்தார். ஒரு மாநகராட்சி தனியார் ரயில் கம்பெனியில் பங்கு வாங்குவது அன்று கேள்விப்படாத விஷயம். அவர் வைத்த வாதம் எளிமையானது: தெரு நெரிசலால் நகரத்தின் வியாபாரமே செத்துக்கொண்டிருக்கிறது. ஃப்ளீட் பள்ளத்தாக்கில் மாநகராட்சி ஏற்கெனவே குடிசைகளை இடித்துக் காலியாக வைத்திருந்த நிலத்தையும் ரயிலுக்குக் கொடுத்தார்கள். நிலம் வாங்க முடியாமல் தவித்த கம்பெனிக்கு இது பெரிய வரவு.

1860 தொடக்கத்தில் வேலை ஆரம்பித்தது. தலைமைப் பொறியாளர் ஜான் ஃபௌலர். முறை மிக எளிது: சாலையை நீளமாகத் தோண்டு, இரண்டு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பு, மேலே செங்கல் வளைவு கட்டு, மண்ணைப் போட்டு மூடு, திரும்பவும் சாலை போடு. சொல்ல எளிது. சாலைக்கு அடியில் எரிவாயுக் குழாய், குடிநீர்க் குழாய், சாக்கடை எல்லாம் யார் யாரோ போட்டு வைத்திருந்தார்கள், பலவற்றுக்கு ஒழுங்கான வரைபடம்கூடக் கிடையாது. ஒவ்வொன்றையும் மரக்கட்டையில் தொங்கவிட்டோ இடம் மாற்றியோதான் தோண்ட முடிந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் அந்தச் சாலை மரச்சாரமும் மண்மேடும் நீராவிக் கிரேனும் சேறுமாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன, கடைகளுக்கு ஆள் வரவில்லை. மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் கடை வைத்திருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஃபாரிங்டனுக்கு முன்னால் வரும் கிளெர்கன்வெல்லில் மேடு இருந்ததால் அங்கே மட்டும் 666 மீட்டர் நீளத்துக்கு, மேலிருந்து தோண்டாமல், பக்கவாட்டில் குடைந்து போனார்கள்.

கிளெர்கன்வெல்லுக்கு அந்தப் பக்கம்தான் ஃப்ளீட் காத்திருந்தது. ஒரு காலத்தில் ஆறு. பிறகு சாக்கடையாகி, பிறகு மூடப்பட்டு, செங்கல் குழாய்க்குள் தேம்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரயில் பாதை அதை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கடக்க வேண்டியிருந்தது. 1862 ஜூனில் அந்தச் செங்கல் சுவர் விட்டுக்கொடுத்துவிட்டது. அந்தச் சாக்கடையின் கழிவுநீர் ஃபாரிங்டன் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி 10 அடி ஆழத்துக்கு நின்றது, கட்டி முடித்த சுவர்கள் பெயர்ந்தன, சாரம் மிதந்தது. திறப்பு விழா தள்ளிப்போனது. இதற்கு ஒரு மாதம் முன்புதான் நிதியமைச்சர் கிளாட்ஸ்டனும் இன்னும் சில பெரிய மனிதர்களும் ஒப்பந்தக்காரரின் திறந்த சரக்குப் பெட்டியில், தலையில் உயரத் தொப்பியோடு உட்கார்ந்து பாதையைச் சுற்றிப் பார்த்திருந்தார்கள். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. மண் அள்ளும் பெட்டியில் அமைச்சர்கள் விறைப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

தோண்டிவிட்டார்கள், சரி. அதற்குள் எதை ஓட்டுவது? மின்சார ரயில் அப்போது இல்லை, நீராவி எஞ்சின்தான் தெரியும், நீராவி எஞ்சின் என்றால் புகை. ஃபௌலர் ஒரு யோசனை செய்தார்: கொதிகலனில் செங்கல்களை வைத்து, திறந்த வெளியில் ஓடும்போது அவற்றை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, சுரங்கத்துக்குள் நெருப்பில்லாமல் அந்தச் சூட்டிலேயே ஓட்டுவது. 1861-ல் சோதித்தார்கள், படுதோல்வி. அந்த எஞ்சினுக்கு 'ஃபௌலரின் பேய்' என்று பெயர் மட்டும் மிஞ்சியது. கடைசியில் கிரேட் வெஸ்டர்னின் டேனியல் கூச் வடிவமைத்த எஞ்சின்கள் வந்தன. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஓட்டுநர் ஒரு அடைப்பானைத் திருப்புவார், சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவி புகைபோக்கிக்குப் போகாமல் பக்கத்துத் தொட்டிகளில் இருக்கும் குளிர்ந்த நீருக்குள் போய்க் குளிர்ந்து நீராகும். நீராவிப் பிரச்சினை இதனால் குறைந்தது. ஆனால் கரிப்புகைக்கும் கந்தக வாயுவுக்கும் இதனால் ஒரு பயனும் இல்லை. தொட்டி நீரும் கொஞ்ச தூரத்தில் கொதிக்க ஆரம்பித்துவிடும்.

1863 ஜனவரி 9-ல் விருந்தோடு தொடக்க விழா நடந்தது. பிரதமர் பாமர்ஸ்டன் வரவில்லை. வயது 78, இந்த வயதில் முடிந்தவரை பூமிக்கு மேலேயே இருக்க விரும்புகிறேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. பியர்சனும் வரவில்லை, அவர் முந்தைய செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். தன் உழைப்புக்கு அவர் கம்பெனியிடம் வெகுமதி எதுவும் வாங்கவில்லை, அவருடைய மனைவிக்கு வருடத்துக்கு 250 பவுண்டு கொடுக்க ஏற்பாடானது. ஃபௌலருக்கு மெட்ரோபாலிட்டன் கொடுத்த மொத்தத் தொகை 1,52,000 பவுண்டு. இதை அநியாயம் என்று சொல்லமாட்டேன், கட்டியவருக்குக் கூலி உண்டுதானே. ஆனாலும் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் மக்களுக்குத் திறந்தபோது சுமார் 38,000 பேர் ஏறினார்கள். மொத்தம் ஏழு நிலையங்கள்: பிஷப்ஸ் ரோடு என்று அன்று அழைக்கப்பட்ட பாடிங்டன், எட்ஜ்வேர் ரோடு, பேக்கர் ஸ்ட்ரீட், போர்ட்லாண்ட் ரோடு, கோவர் ஸ்ட்ரீட், கிங்ஸ் கிராஸ், ஃபாரிங்டன் ஸ்ட்ரீட். மூன்று வகுப்புகள், பெட்டிகளுக்குள் எரிவாயு விளக்கு. முதல் வருடத்தில் 95 லட்சம் பயணங்கள். இருட்டுக்குள், சாக்கடைக்குப் பக்கத்தில், புகைக்குள் யார் போவார்கள் என்று எழுதிய பத்திரிகைகள் வாயை மூடிக்கொண்டன. பேக்கர் ஸ்ட்ரீட்டில் இன்று 5, 6 எண் நடைமேடைகளில் நின்று பார்த்தால் அந்தப் பழைய செங்கல் வளைவையும், பக்கச் சுவரில் மேல்நோக்கிச் சாய்ந்து போகும் மாடங்களையும் பார்க்கலாம். தெருவிலிருந்து பகல் வெளிச்சத்தை உள்ளே இறக்க அமைத்தவை அவை.

புகை மட்டும் தீரவே இல்லை. வண்டிகள் கூடக் கூட நிலைமை மோசமானது, ஆரம்பத்தில் எரித்த, புகை குறைந்த கோக் என்ற கரியை விட்டுவிட்டு நிலக்கரிக்குப் போனபின் இன்னும் மோசம். கம்பெனி சளைக்கவில்லை, இந்தக் கந்தகப் புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு நல்லது என்றுகூட வாதாடியது. 1897-ல் அரசு அமைத்த விசாரணைக் குழுவில் வெளிவந்த விஷயம் வேறு. கோவர் ஸ்ட்ரீட் பக்கத்தில் இருந்த ஒரு மருந்துக்கடையில், ரயிலிலிருந்து மூச்சுத் திணறி ஏறிவரும் பயணிகளுக்கென்றே ஒரு கலவை மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 'மெட்ரோபாலிட்டன் மிக்ஸர்' என்று அதற்குப் பெயர். எந்த விளம்பரமும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

புகை வெளியே போக ஆங்காங்கே பாதையைத் திறந்த பள்ளமாக விட வேண்டியிருந்தது. பாடிங்டனிலிருந்து பேஸ்வாட்டர் பக்கம் 1868-ல் நீட்டியபோது, லெய்ன்ஸ்டர் கார்டன்ஸ் என்ற வசதியானவர்கள் தெருவில் இரண்டு வீடுகளை இடித்தார்கள். பணக்காரத் தெருவின் வரிசையில் பல் விழுந்த மாதிரி ஒரு ஓட்டை இருக்கலாமா? 23, 24 எண்களில் வெறும் முகப்பை மட்டும், பக்கத்து வீடுகளைப் போலவே தூண், மாடம், கதவு, ஜன்னல் எல்லாம் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, பெயின்ட்தான். பின்பக்கம் தண்டவாளம். இன்றும் அப்படியே இருக்கிறது.

ஃப்ளீட் பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கு யாரும் முகப்பு கட்டித் தரவில்லை. ரயில் பாதை நியூ ரோட்டைவிட்டு விலகித் தெற்கே திரும்பிய இடத்திலெல்லாம் அது ஏழைகளின் குடியிருப்புகளைத்தான் தேர்ந்தெடுத்தது. அங்கேதான் நிலம் மலிவு, எதிர்க்க ஆளும் இல்லை. சட்டப்படி இழப்பீடு வீட்டு உரிமையாளருக்கு. வாரவாடகைக்கு இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது, சாமானைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போக வேண்டியதுதான். வேலை அங்கேயே இருந்ததால் தூரமாகவும் போக முடியாது, ஆகவே ஏற்கெனவே நெரிந்த சந்து இன்னும் நெரிந்தது. சந்துகளிலிருந்து மக்களை மீட்கப் பியர்சன் கண்ட ரயில், முதல் வேலையாகச் செய்தது இது. நியாயமாகச் சொன்னால் இன்னொரு பக்கமும் உண்டு: 1864-லேயே மெட்ரோபாலிட்டன் அதிகாலையில், 6 மணிக்கு முன்னால், தொழிலாளர்களுக்கென்று தனி வண்டி விட்டது, போகவர மூன்று பென்ஸ். பியர்சன் கேட்டதில் கிடைத்த பாதி. வீடு வரவில்லை, மலிவு டிக்கெட் வந்தது.

இதற்குப் பிறகு கம்பெனிச் சண்டைகள். திறந்த ஏழே மாதத்தில் கிரேட் வெஸ்டர்ன் கோபித்துக்கொண்டு தன் வண்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள, மெட்ரோபாலிட்டன் வேறொரு கம்பெனியிடம் இரவல் வாங்கி ஓட்டியது. தெற்கே டிஸ்ட்ரிக்ட் ரயில்வே என்று ஒரு துணைக் கம்பெனியாக ஆரம்பித்தது எதிரிக் கம்பெனியானது. எட்வர்ட் வாட்கின், ஜேம்ஸ் ஸ்டாட்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற இரண்டு தலைவர்களுக்கும் ஒத்துவரவே இல்லை, அதனால் இரண்டு பாதைகளையும் இணைத்து நகர நடுவைச் சுற்றிவரும் வட்டப்பாதை முழுமையடைய 1884 வரை ஆனது. முடிந்த பிறகும் ஒரு கம்பெனி ஒரு திசையில், மற்றது எதிர்த்திசையில் ஓட்டி, பயணிக்கு எந்தப் பக்கம் போனால் கிட்ட என்று சொல்லாமலே டிக்கெட் விற்ற காலம் அது. விரிவாகப் போனால் அலுப்பு.

சுவாரஸ்யம் வேறு இடத்தில் இருக்கிறது. மேலிருந்து தோண்டி மூடும் முறைக்கு ஒரு எல்லை உண்டு: நகரத்தின் நடுவில் எல்லாச் சாலையையும் இரண்டு வருடம் பிளந்து போட முடியாது. வழி ஆழத்தில் இருந்தது. அதற்கான கருவி பல வருடம் முன்பே தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சோதிக்கப்பட்டுவிட்டது. மார்க் புரூனெல் 1825-ல் தொடங்கி 1843-ல் முடித்த தேம்ஸ் சுரங்கம் அது. கப்பலின் மரத்தைத் துளைக்கும் புழு, தன் ஓட்டால் முன்னால் அரித்துக்கொண்டே பின்னால் துளையைப் பூசிக்கொண்டு போவதைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்பார்கள். கவசம் என்று அதற்குப் பெயர்: பெரிய இரும்புச் சட்டகம், அதில் தட்டுத் தட்டாக அறைகள், அறைக்கு ஒருவர் நின்று முன்னால் இருக்கும் பலகையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சம் மண்ணை வெட்டிவிட்டுப் பலகையைத் திரும்ப வைப்பார். முழுத் தட்டும் வெட்டியானதும் சட்டகத்தை முன்னால் தள்ளுவார்கள், பின்னால் செங்கல் கட்டுவார்கள். ஆறு பலமுறை உள்ளே புகுந்தது, 1828 ஜனவரியில் ஆறு பேர் செத்தார்கள். 400 மீட்டருக்கும் குறைவான சுரங்கத்துக்குப் பதினெட்டு வருடம். திறந்தபோது வண்டிகளை இறக்க சாய்தளம் கட்டப் பணமில்லை, ஒரு பென்னி கொடுத்து நடந்து பார்க்கும் வேடிக்கைப் பொருளாகத்தான் இருந்தது. 1869-ல்தான் அதில் ரயில் ஓடியது, இன்றும் ஓடுகிறது.

அந்தக் கவசத்தை வட்டமாக்கி, செங்கல்லுக்குப் பதில் வார்ப்பிரும்பு வளையங்களை வைத்து வேலையைச் சுலபமாக்கியது பீட்டர் பார்லோவும் ஜேம்ஸ் கிரேட்ஹெட்டும். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கிரேட்ஹெட் தேம்ஸுக்கு அடியில் டவர் பக்கத்தில் 1870-ல் திறந்த சின்னச் சுரங்கத்தை ஒரு வருடத்துக்குள் குடைந்து முடித்தார். லண்டனின் அடிமண் அவருக்குக் கைகொடுத்தது. வடக்கே ஆழத்தில் இருப்பது நீர் புகாத, வெட்டினால் அப்படியே நிற்கும் நீலக் களிமண். தெற்கே பல இடத்தில் மணலும் சரளையும் நீரும். தேம்ஸுக்குத் தெற்கே சுரங்க ரயில் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்று சென்னையில் அண்ணா சாலைக்கு அடியில் துளைத்த ராட்சத இயந்திரங்களும் இந்தக் கவசத்தின் வழித்தோன்றல்கள்தான்.

1890 டிசம்பரில் ஸ்டாக்வெல்லிலிருந்து கிங் வில்லியம் ஸ்ட்ரீட் வரை ஓடத் தொடங்கிய சிட்டி அண்டு சவுத் லண்டன் ரயில்வேதான் முதல் மின்சாரக் குழாய் ரயில். முதலில் கயிறு கட்டி இழுப்பதாகத்தான் திட்டம். கயிற்றுக் கம்பெனி 1888-ல் திவாலானதால்தான் மின்சாரத்துக்கு மாறினார்கள். குழாயின் விட்டம் 3 மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சுரங்கத்துக்குள் பார்க்க என்ன இருக்கிறது என்று பெட்டிகளுக்குச் சரியான ஜன்னலே வைக்கவில்லை, கூரைக்குக் கீழே சின்னப் பிளவு மட்டும், உட்கார்ந்தால் தலைக்கு மேல் வரை மெத்தைச் சுவர். மனநோயாளிகளை அடைக்கும் மெத்தை அறை என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். எந்த நிலையம் என்று தெரியாது என்பதால் வண்டியின் ஊழியர் கத்திச் சொல்ல வேண்டும்.

இங்கேயும் அதே கதைதான். இத்தனை ஆழத்தில் போகும்போது மேலே யார் வீடு இருந்தால் என்ன என்று தோன்றும். சட்டம் அப்படி நினைக்கவில்லை, அடிநிலமும் உரிமையாளருடையது. அதனால் இந்த ஆழமான குழாய்களும் தெருவைப் பிடித்துக்கொண்டே வளைந்து வளைந்து போயின. தெரு குறுகலாக இருந்த இடத்தில் இரண்டு குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாகப் போயின. 1900-ல் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷிலிருந்து பேங்க் வரை வந்த சென்ட்ரல் லண்டன் ரயில்வேயும் அப்படித்தான். பேங்க் நிலையத்தில் நடைமேடை வில்லாக வளைந்து, வண்டிக்கும் மேடைக்கும் நடுவே அவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதற்கு மேலே உள்ள தெருக்களைத்தான் கேட்க வேண்டும். அதே பாதையில் ஒரு கெட்டிக்காரத்தனமும் உண்டு: நிலையங்களைக் கொஞ்சம் மேட்டில் வைத்தார்கள். வரும் வண்டி மேடேறும்போது தானே வேகம் குறையும், கிளம்பும்போது இறக்கத்தில் தானே வேகம் பிடிக்கும்.

நீராவிப் பாதைகள் மின்சாரத்துக்கு மாறியது 1905-ல். அமெரிக்கப் பணத்தோடு வந்த சார்லஸ் யெர்க்ஸ், டிஸ்ட்ரிக்ட் ரயில்வேயை வாங்கி, லாட்ஸ் ரோட்டில் மின்நிலையம் கட்டி, மூன்று புதுக் குழாய்ப் பாதைகளையும் தோண்ட ஆரம்பித்தார். அந்த வருடக் கடைசியில் இறந்துவிட்டார், மூன்றில் ஒன்றுகூட அப்போது திறந்திருக்கவில்லை. திறந்த பிறகு எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. சுரங்கம் தோண்டிய பணத்தை டிக்கெட்டில் எடுக்க முடியாது என்பது அந்த முதலீட்டாளர்களுக்கு அப்போது தெரிந்தது.

மெட்ரோபாலிட்டனுக்கு இது முன்பே தெரியும். மற்ற ரயில் கம்பெனிகள் பாதைக்கு வாங்கியதில் மிஞ்சிய நிலத்தை விற்றாக வேண்டும், மெட்ரோபாலிட்டன் மட்டும் அதை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி வாங்கி வைத்திருந்தது. பாதையை வடமேற்கே கிராமங்களுக்குள் நீட்டி, வழியெல்லாம் நிலத்தைச் சேர்த்து, 1919-ல் வீடு கட்டி விற்க ஒரு தனிக் கம்பெனியே ஆரம்பித்தது. அந்தப் பகுதிக்கு 'மெட்ரோ-லாண்ட்' என்று பெயர் சூட்டி ஆண்டுதோறும் படம் போட்ட புத்தகம் வெளியிட்டு விளம்பரம் செய்தது: ஊருக்கு வெளியே சுத்தமான காற்று, தோட்டத்தோடு வீடு, நகரத்துக்கு நேரடி ரயில். பியர்சன் வரைந்த படம் ஏறக்குறைய அப்படியே. வாங்கியவர்கள் மட்டும் வேறு, மாதச் சம்பளமும் வீட்டுக்கடன் தவணை கட்டும் வசதியும் இருந்த அலுவலகக்காரர்கள்.